பளபளக்கும் கைப்பிடியும் பார்க்கப்படாத அடியும்



அன்பின் வாசகர்களே, இப்பகுதியில் வழக்கமாகக் கடன், கணக்கு, சரக்கு, சந்தை என்றுதான் எழுதி வருகிறேன். இவ்வாரம் ஒரேயொரு சாமானைப் பற்றி எழுதுகிறேன். மாடி வீட்டுப் பெல்கனியின் ஓரத்தில் நிற்கும் கைப்பிடித் தூண்தான் அது. இதில் என்ன வியாபாரம் இருக்கிறது என்று கேட்பீர்கள். முப்பது வருடமாக ஹாட்வெயார் கடை நடத்துபவன் என்ற வகையில் சொல்கிறேன், ஒரு வியாபாரியின் அமானிதம் சோதிக்கப்படும் இடங்களில் இதுவும் ஒன்று. அந்தச் சோதனையில் நான் ஒருமுறை தோற்றவன். அதனால்தான் எழுதுகிறேன்.

மேலே போகும் வீடுகள்

எங்கள் கிழக்குக் கரையோர ஊர்களின் நிலைமை உங்களுக்குத் தெரியும். காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற ஊர்களில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி அல்லது வயல். இடையில் இருக்கும் நிலமோ கையளவு. ஆகவே வீடு அகலத்தில் வளர முடியாது, உயரத்தில்தான் வளர வேண்டும். அதோடு எங்கள் பகுதியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம் முடிக்கிறோம். இந்த வழக்கம் சரியா பிழையா என்று பலர் எழுதியிருக்கிறார்கள், நான் இங்கே அதற்குள் போகவில்லை. நடைமுறையில் மூத்த மகளுக்குக் கீழ் வீடு, அடுத்த மகளுக்கு மேல் வீடு என்றாகிவிட்டது. கலியாணத் திகதி குறித்த பிறகுதான் மேல் வீட்டின் கடைசி வேலைகள் அவசரமாக நடக்கும். டைல், பெயின்ட், கடைசியாகக் கைப்பிடி. கையில் சல்லி முடிந்து, நாட்களும் முடிந்து, பொறுமையும் முடிந்த நேரத்தில்தான் ஒரு தகப்பன் கைப்பிடி வாங்கக் கடைக்கு வருகிறார்.

அப்படி ஒருவர் 2017ஆம் ஆண்டு என் கடைக்கு வந்தார். நல்ல மனிதர், என்னோடு ஒரே பள்ளிவாசலில் தொழுபவர். இரண்டாவது மகளுக்குக் கலியாணம். "காக்கா, பெல்கனிக்கு இருபத்திரண்டு அடி இருக்கு. பார்வைக்கு மினுங்கணும், விலை கொஞ்சம் குறைவா வேணும்" என்றார். நான் ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள இரண்டு அங்குல ஸ்டெயின்லெஸ் பைப்பும், மூன்று அங்குல ரோல் போல்ட்டும், அடியை மறைக்கும் வட்ட மூடிகளும் கொடுத்தேன். எந்த இடத்தில் பூட்டப் போகிறீர்கள், கீழே ஸ்லெப் எத்தனை அங்குலம், டைல் பதித்தாயிற்றா, ஒன்றையும் நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. வெல்டிங் பாஸ் இரண்டு நாளில் வேலையை முடித்துக் கொடுத்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

கலியாண நாளில் நடந்தது

மாப்பிள்ளை வரும் நேரம். வாசலில் வாகனச் சத்தம் கேட்டதும் மேல் வீட்டில் இருந்த பெண்களும் பிள்ளைகளும் பெல்கனிக்கு ஓடி வந்தார்கள். எங்கள் ஊர்க் கலியாண வீட்டில் அது நடக்காமல் இருக்காது. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கைப்பிடியில் சாய்ந்து கீழே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். நடுவில் நின்ற தூண் வெளிப்பக்கமாகச் சரிந்தது. பக்கத்துத் தூணும் அதோடு போனது. ஒரு ராத்தா முன்னால் நின்ற ஆறு வயதுப் பிள்ளையின் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறார். அல்லாஹ்வின் கிருபையால் எவரும் கீழே விழவில்லை. விழுந்தது ஒரு செருப்பு மட்டும்தான். அது மாப்பிள்ளையின் வாகனத்துக்கு முன்னால் சீமெந்துத் தரையில் கிடந்ததாகச் சொன்னார்கள். உயரம் பதினொரு அடி.

கீழே விருந்துக்கு வந்திருந்த எனக்கு மேலே கூச்சல் கேட்டது. என்னவென்று அன்று யாரும் சொல்லவில்லை. அடுத்த நாள் ளுஹர் தொழுகைக்குப் பிறகு அந்தத் தகப்பன் கடைக்கு வந்தார். ஏசவில்லை. சேர்ட் பையிலிருந்து நான்கு போல்ட்டுகளை எடுத்து மேசையில் வைத்தார். "காக்கா, இது உங்கட கடைப் போல்ட்டுத்தானே, ஒருக்காப் பாருங்க" என்றார். அவ்வளவுதான். அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதைச் சமாளித்திருப்பேன். அவர் அமைதியாக இருந்ததால் எனக்குப் போல்ட்டைப் பார்க்கத்தான் வேண்டியிருந்தது.

நான்கு போல்ட்டுகளின் கணக்கு

போல்ட் உடையவில்லை, வளையவுமில்லை. புதிதாக வாங்கியது போலவே இருந்தது. அதைச் சுற்றி டைல் துண்டும், டைலுக்கடியில் போடும் சாந்தும் ஒட்டிக் கொண்டிருந்தன. கொங்கிரீட் இருந்த அடையாளம் முனையில் மட்டும்தான் தெரிந்தது. பழைய ரசீது ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மூன்று அங்குலப் போல்ட் என்றால் 75 மில்லிமீற்றர். அடித் தகடு 6. நட்டும் வொஷரும் வெளியே நிற்கும் மரையும் 12. டைல் 10. டைலுக்கடியில் சாந்து ஒன்றரை அங்குலம், அதாவது 38. எல்லாவற்றையும் கூட்டினால் 66. மிச்சம் 9 மில்லிமீற்றர். பெல்கனிக் கொங்கிரீட்டைப் பிடித்திருந்தது அந்த 9 மில்லிமீற்றர்தான். அது ஒரு சின்ன விரலின் அகலம்கூட இல்லை. மிகுதிப் போல்ட் நின்றது டைலிலும் சாந்திலும். டைல் அழகுக்குப் போடுவது, சாந்து மட்டம் எடுக்கப் போடுவது. இரண்டும் இழுவையைத் தாங்கப் போடுபவை அல்ல.

அந்த இடத்துக்கு வரும் இழுவை எவ்வளவு? அமெரிக்காவின் வீட்டுக் கட்டட விதிகளில் கைப்பிடியின் மேல் முனையில் எந்த இடத்தில் தள்ளினாலும் 200 இறாத்தல் தாங்க வேண்டும் என்று இருக்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 90 கிலோ, ஒரு பாரமான ஆள் சாயும் அளவு. 90 கிலோ பெரிய விடயமா என்று தோன்றும். ஆனால் தூண் ஒரு நெம்புகோல். வண்டிச் சில்லைக் கழற்ற நீளமான கம்பி போட்டால் எப்படி இலேசாகக் கழல்கிறதோ அதே கதைதான். தூணின் உயரம் 42 அங்குலம். நான்கு அங்குல அடித் தகட்டில், உட்பக்கப் போல்ட்டிலிருந்து தகட்டின் வெளி விளிம்பு வரை உள்ள தூரம் மூன்று அங்குலம். 42ஐ மூன்றால் பிரித்தால் 14. மேலே 90 கிலோவால் தள்ளும்போது கீழே உட்பக்கப் போல்ட்டுகளுக்கு வரும் இழுவை 14 மடங்கு, 1260 கிலோ. அதை இரண்டு போல்ட்டுகள் பங்கு போட்டால் ஒன்றுக்கு 630 கிலோ. சீமெந்து மூட்டை 50 கிலோ. ஆக ஒவ்வொரு போல்ட்டிலும் பன்னிரண்டு மூட்டைக்கு மேல் தொங்குகிறது.

பன்னிரண்டு மூட்டைச் சீமெந்தை 9 மில்லிமீற்றரில் தொங்கவிட்டு, அதற்கு மேலே வட்ட மூடியையும் போட்டு நான் விற்றிருக்கிறேன். அந்த ஓடரில் எனக்குக் கிடைத்த இலாபம் பதினோராயிரத்துச் சொச்சம்.

யார் பொறுப்பு?

வெல்டிங் பாஸிடம் கேட்டேன். "தந்த போல்ட்டைப் பூட்டினேன், டைலுக்குக் கீழே என்ன இருக்கெண்டு எனக்கென்ன தெரியும்" என்றார். டைல் பதித்தவர், கைப்பிடி வருமென்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்றார். மேசன், ஸ்லெப் போட்டு ஆறு மாதமாயிற்று, தன் வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்றார். நானும் மனதுக்குள் அதையேதான் சொல்லிக் கொண்டிருந்தேன்: கேட்ட சாமானைக் கொடுத்தேன். நால்வரும் சல்லி வாங்கியிருக்கிறோம். நால்வரில் ஒருவரும் அந்த அடியைப் பார்க்கவில்லை. யாரும் வேண்டுமென்று மோசடி செய்யவில்லை, ஆனாலும் ஒரு பிள்ளை விழப் பார்த்தது.

மனம் ஆறவில்லை. எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு ஹதீஸ்களை ஞாபகப்படுத்தினார். ஒன்று நாம் எல்லோரும் அடிக்கடி கேட்பது, ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டு, ஏமாற்றுபவரைத் தம்மைச் சேர்ந்தவராகக் கொள்ளவில்லை என்ற கருத்தைச் சொன்னார்கள். மற்றது நான் அதுவரை கவனிக்காதது, அபூதாவூதில் உள்ளது. சுற்றிவர மறைப்பு இல்லாத வீட்டு முகட்டில் இரவு தூங்குபவர் விடயத்தில் பொறுப்பு நீங்கிவிடுகிறது என்ற கருத்தில் அமைந்தது. வீட்டின் மேல் தளத்துக்கு ஒரு தடுப்பு வேண்டும் என்பது ஏதோ நேற்று வந்த பொறியியல் அல்ல, நம் மார்க்கம் பேசிய விடயம்.

மௌலவி இன்னொன்றும் சொன்னார். "மறைப்பு இல்லாத முகட்டில மனிசன் பயந்து பயந்து நிப்பான். ஆடுற மறைப்பு அதைவிட மோசம் ஹாஜியார், அதை நம்பித்தானே சாயிறான்." இந்தச் சொல் எனக்கு இன்றும் மறக்கவில்லை. மூடிக்குக் கீழே இருந்த அந்தச் சாந்துதான் என் குவியலில் இருந்த ஈரம். மழை பெய்ததற்கு நான் காரணமல்ல. ஆனால் கையை விட்டுப் பார்க்காதது என் பிழை.

திருத்தும் வேலைக்கான செலவில் பாதியை நான் ஏற்றேன். அந்தத் தகப்பன் வேண்டாம் என்றார், நான் விடவில்லை. முழுவதையும் கொடுத்திருக்க வேண்டுமோ என்று சில நேரம் இப்போதும் நினைப்பதுண்டு.

சரியான முறை எது?

அதன் பிறகு இரண்டு பொறியியலாளர்களிடமும், கொழும்பில் இந்த வேலையையே செய்யும் ஒரு பாஸிடமும் கேட்டுக் கேட்டுப் படித்ததை உங்களுக்குச் சொல்கிறேன். வீடு கட்டுபவர்கள் இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக் கொள்ளுங்கள்.

முதலாவது, கைப்பிடியைப் பற்றி யோசிக்க வேண்டிய நாள் ஸ்லெப் போடும் நாளுக்கு முதல் நாள். அன்று தூண் வரும் இடங்களைக் குறித்து, போல்ட்டுகளை வெல்ட் செய்த தகடுகளைக் கம்பிக் கூட்டோடு கட்டிவிட்டுக் கொங்கிரீட் போட்டால் அதைவிட உறுதியான பிடிமானம் வேறில்லை. செலவும் சொற்பம். பிறகு துளைக்க வேண்டியதில்லை, ஒழுக்கும் குறையும்.

இரண்டாவது, ஏற்கெனவே போட்ட ஸ்லெப் என்றால் டைல் பதிக்கமுன் தூணைப் பூட்டுங்கள். அடித் தகடு வெறும் கொங்கிரீட்டில் நேராக உட்கார வேண்டும். டைலைப் பிறகு சுற்றி வெட்டிப் பதிக்கலாம், வட்ட மூடி அந்த வெட்டை மறைத்துவிடும். மூடியின் வேலை அதுதான். டைல் முன்பே பதிக்கப்பட்டிருந்தால் தூண் வரும் இடத்தில் டைலையும் சாந்தையும் வெட்டி எடுத்துக் கொங்கிரீட்டைக் காண வேண்டும். ஒரு டைலுக்குப் பாவம் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது, விளிம்பு. ரோல் போல்ட் துளைக்குள் விரிந்து பக்கவாட்டில் தள்ளித்தான் பிடிக்கிறது. ஸ்லெப்பின் விளிம்புக்கு மிக அருகில் போட்டால் அந்தத் தள்ளலிலேயே கொங்கிரீட் வெடித்துவிடும். வெடிப்பு அன்றே தெரியாது, ஒரு மாரி போன பிறகு தெரியும். இடம் இருந்தால் விளிம்பிலிருந்து நான்கு அங்குலமாவது உள்ளே வாருங்கள். இடம் இல்லையென்றால் பசை ஊற்றிப் பதிக்கும் இரசாயன எங்கர் நல்லது, ஏனென்றால் அது பக்கவாட்டில் தள்ளுவதில்லை. ஆனால் அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. துளையை பிரஷ் போட்டுத் தேய்த்து, காற்றடித்து, மறுபடி தேய்த்து, மறுபடி காற்றடித்துத் தூசி இல்லாமல் ஆக்க வேண்டும். தூசி இருந்தால் பசை தூசியைப் பிடிக்கும், கொங்கிரீட்டைப் பிடிக்காது. பசை இறுகும் நேரமும், போக வேண்டிய ஆழமும் டியூபிலேயே எழுதியிருக்கும். அதற்கு முன் நட்டை இறுக்கக் கூடாது.

நான்காவது, கம்பியை வெட்டாதீர்கள். சுவரிலிருந்து வெளியே நீட்டி நிற்கும் பெல்கனியில் பாரத்தைத் தாங்கும் முக்கியக் கம்பிகள் ஸ்லெப்பின் மேற்பக்கத்தில் இருக்கும், அடிப்பக்கத்தில் அல்ல. டிரில் இரும்பில் பட்டதும் சில பாஸ்மார் வேறு பிட் போட்டுக் கம்பியை அறுத்துக் கொண்டு இறங்குவார்கள். கைப்பிடியை உறுதியாக்கப் போய்ப் பெல்கனியையே பலவீனமாக்கும் வேலை இது. இரும்பு பட்டால் துளையை நகர்த்துங்கள். அதற்கேற்றாற் போல் அடித் தகட்டிலும் துளையை மாற்றிக் கொள்ளலாம்.

ஐந்தாவது, அடித் தகட்டைப் பெரிதாக்குங்கள். முன்னே சொன்ன கணக்கில் நான்கு அங்குலத் தகட்டுக்குப் பதிலாக ஆறு அங்குலத் தகடு போட்டால் நெம்பும் தூரம் மூன்றிலிருந்து ஐந்து அங்குலமாகிறது. போல்ட் ஒன்றுக்கு வரும் இழுவை 630 கிலோவிலிருந்து 380 கிலோவுக்குக் கீழே இறங்கும். ஒரு தகட்டுத் துண்டின் விலையில் இவ்வளவு வித்தியாசம். தகடு மெல்லியதாக இருந்தால் அது வளைந்து இந்தக் கணக்கைப் பொய்யாக்கும், ஆகவே 10 மில்லிமீற்றர் கனம் எடுங்கள்.

ஆறாவது, அரைச் சுவர். பலர் கல்லால் இரண்டடி கட்டி அதன் மேல் தூணைப் பூட்டுகிறார்கள். சீமெந்துக் கல்லில் போட்ட போல்ட் கல்லோடு கழன்று வரும். சுவரின் மேல் கம்பி போட்ட கொங்கிரீட் பட்டி ஒன்று ஓட வேண்டும், அந்தப் பட்டி இரு பக்கத் தூண்களோடும் ஸ்லெப்போடும் கம்பியால் இணைந்திருக்க வேண்டும். அதில்தான் போல்ட் இறங்க வேண்டும்.

ஏழாவது, தண்ணீர். போல்ட் துளை வழியாக மழைநீர் இறங்கினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் கேட்கும், அதனால் கொங்கிரீட்டைப் பிளக்கும். ஆகவே தகட்டுக்கடியிலும் போல்ட்டைச் சுற்றியும் சீலன்ட் போடுங்கள். தண்ணீர் தேங்காமல் வெளிப்பக்கம் சாய்வு வையுங்கள். ஸ்டெயின்லெஸ் தகட்டுக்குச் சாதாரண இரும்புப் போல்ட் போடாதீர்கள். கடற்காற்றில் இரண்டு உலோகம் சேர்ந்தால் மலிவான உலோகம்தான் முதலில் கரையும். இங்கே கரைவது போல்ட்.

உயரத்தையும் இடைவெளியையும் சொல்லிவிடுகிறேன். பிரித்தானிய விதியில் பெல்கனிக் கைப்பிடி 1100 மில்லிமீற்றர், ஏறத்தாழ மூன்றரை அடிக்குச் சற்று மேல். இரண்டு கம்பிகளுக்கிடையில் 100 மில்லிமீற்றர் உருண்டை நுழையக் கூடாது. அமெரிக்காவிலும் நான்கு அங்குலம்தான். பிள்ளையின் தலையை மனதில் வைத்து எடுத்த அளவு இது. படுக்கையாக ஓடும் கம்பிகள் பார்க்க நவீனமாக இருக்கும், ஆனால் சின்னப் பிள்ளைக்கு அது ஏணி. நிமிர்ந்த கம்பிகளே நல்லது. கைப்பிடிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் கதிரை வைப்பதையும் விட்டுவிடுங்கள். மூன்றரை அடி என்பது தரையிலிருந்து, கதிரையிலிருந்து அல்ல.

பைப்பைத் தராசில் போடுங்கள்

இனி என் சக வியாபாரிகள் கோபிக்கக்கூடிய விடயம். கைப்பிடி வேலை அடிக் கணக்கில்தான் பேசப்படுகிறது. அடி இத்தனை ரூபா என்று ஒருவர் சொல்வார், மற்றவர் அதிலும் நூறு குறைப்பார். அந்த நூறு எங்கிருந்து குறைகிறது? பைப்பின் கனத்திலிருந்தும், இரும்பின் தரத்திலிருந்தும், போல்ட்டின் நீளத்திலிருந்தும்தான். வெளியே பார்த்தால் எல்லாமே ஒரே மினுக்கம்.

2022ஆம் ஆண்டு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இது இன்னும் மோசமானது. வாங்குபவரின் கையில் இருந்த சல்லி அதேதான், சாமானின் விலை இரட்டிப்பு. அப்போது மெல்லிய பைப் சந்தையில் நிறைந்தது. வியாபாரியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது, வாங்கியவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் எதை வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அதற்கு ஒரு இலேசான வழி தராசு. இரண்டு அங்குல வட்ட ஸ்டெயின்லெஸ் பைப், ஆறு மீற்றர் நீளம். கனம் ஒரு மில்லிமீற்றர் என்றால் நிறை ஏறத்தாழ ஏழரைக் கிலோ. ஒன்றரை மில்லிமீற்றர் என்றால் பதினொரு கிலோ. இரண்டு மில்லிமீற்றர் என்றால் பதினான்கரைக் கிலோ. பைப்பின் மேல் என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் தராசு பொய் சொல்லாது. தூணுக்கு இரண்டு மில்லிமீற்றர் எடுங்கள். இடையில் வரும் சின்னக் கம்பிகளில் வேண்டுமானால் மிச்சம் பிடியுங்கள்.

தரத்தில் 304 என்பது ஏறத்தாழ 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் கொண்டது. 201, 202 என்பவற்றில் நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். விலை குறைவு, உள்நாட்டில் வீட்டுக்குள் பாவிக்கலாம், கடலோரத்தில் சீக்கிரம் பழுப்புப் புள்ளி விழும். 316 இல் மொலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக் காற்றைக் கூடுதலாகத் தாங்கும். கடலுக்கு மிக அருகில் இருப்பவர்கள் முடிந்தால் அதை எடுக்கலாம். காந்தம் வைத்துப் பார்த்து வாங்குகிறேன் என்று சிலர் வருகிறார்கள். 304ஐயும் பிடிக்காது, 201ஐயும் பெரும்பாலும் பிடிக்காது, ஆகவே காந்தம் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டாது. மங்கனீசைக் காட்டும் சோதனைத் திரவம் இருக்கிறது, ஒரு துளி போதும். அதை வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். சோதிக்க விடாத கடையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசிக் காசு கொடுக்கமுன்

வேலை முடிந்ததும் மேலே நின்று சாய்ந்து பார்க்காதீர்கள். தூணின் மேல் முனையில் கயிற்றைக் கட்டி, முற்றத்தில் நன்றாகத் தள்ளி நின்று வெளிப்பக்கமாக இழுங்கள். கயிற்றுக்கும் கைக்கும் இடையில் ஒரு தொங்கு தராசு இருந்தால் எவ்வளவு இழுக்கிறோம் என்று தெரியும். தூணுக்கு நேர் கீழே யாரையும் நிற்க விடாதீர்கள். மேலே ஒருவர் உள்ளே தள்ளி நின்று அடித் தகட்டைப் பார்க்கட்டும். தகட்டின் உட்பக்கம் எழும்பினாலோ, சுற்றிலும் மயிர்க்கோடு விழுந்தாலோ, கயிற்றை விட்டதும் தூண் பழைய இடத்துக்குத் திரும்பாவிட்டாலோ அந்தத் தூண் தேறவில்லை. வட்ட மூடிகளை இந்தச் சோதனைக்குப் பிறகே ஒட்டச் சொல்லுங்கள். கூலியில் பத்தில் ஒரு பங்கை முதல் மாரி முடியும் வரை பேசி வைத்துக் கொள்ளுங்கள். நேர்மையான பாஸ் அதற்கு மறுக்க மாட்டார். பேசியதை எழுதியும் வையுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

என் கடையில் மாற்றியது

இப்போது என் கடை மேசையில் மூன்று பைப் துண்டுகள் நிற்கின்றன. ஒரு மில்லிமீற்றர், ஒன்றரை, இரண்டு. வெட்டு முகம் தெரியும்படி வைத்திருக்கிறேன். பக்கத்தில் தராசு. கைப்பிடிச் சாமான் கேட்டு வருபவரிடம் நான் கேட்பது நான்கு கேள்வி: ஸ்லெப் எத்தனை அங்குலம், டைல் பதித்தாயிற்றா, விளிம்பிலிருந்து எவ்வளவு தூரம், கடலிலிருந்து எவ்வளவு தூரம். பதில் தெரியாவிட்டால் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். அந்த நான்கு போல்ட்டுகளையும் ஒரு போத்தலில் போட்டு மேசையில் வைத்திருக்கிறேன், சாந்து இன்னும் ஒட்டியபடியே இருக்கிறது.

இதனால் வியாபாரம் கூடியது என்று எழுதினால் அது பொய். முதல் வருடம் கைப்பிடிச் சாமான் விற்பனை நன்றாகக் குறைந்தது. "இவரிட்ட போனா பரீட்சை எழுதணும்" என்று பகிடி பண்ணியவர்களும் உண்டு. கேள்வியைக் கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய் மலிவாக வாங்குபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சிலர் பிறகு திரும்பி வந்தார்கள். அதிகமானோர் வரவில்லை. ஆனால் மூன்று வெல்டிங் பாஸ்மார் இப்போது தாங்களாகவே நீளமான போல்ட் கேட்டு வாங்குகிறார்கள். இரண்டு மேசன்மார் ஸ்லெப் போடமுன் தகடு கேட்டு வருகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

சென்ற ஹஜ்ஜுப் பெருநாளன்று அந்தத் தகப்பனின் வீட்டுக்குப் போயிருந்தேன். கலியாணம் முடித்த அந்த மகளின் பிள்ளை இப்போது பாடசாலை போகிறது. மேல் வீட்டில் வட்டிலப்பம் வைத்தார்கள். பிள்ளை கைப்பிடிக் கம்பிகளைப் பிடித்துத் தொங்கிக் கொண்டு வீதியில் போன மாட்டுக்குச் சலாம் சொல்லிக் கொண்டிருந்தது. நான் எழும்பிப் போய், திருத்திப் போட்ட நடுத் தூணைக் கையால் பிடித்து ஒருமுறை அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. "ஒவ்வொரு முறையும் இதைத்தானே செய்றீங்க காக்கா" என்று அந்தத் தகப்பன் சிரித்தார். பிறகு அவரும் எழும்பி வந்து மற்றத் தூணை அசைத்துப் பார்த்தார்.

உங்கள் வீட்டுத் தூணை இன்று அஸருக்குப் பிறகு ஒருமுறை பாருங்கள். மூடியைக் கழற்றிப் பாருங்கள். விற்பவராக இருந்தால் உங்கள் குவியலுக்குள் நீங்களே கையை விட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் வீடுகளையும் பிள்ளைகளையும் நம் உழைப்பையும் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.